சோறு வேக வேண்டும்: வன்னிக்கு ஏற்ற கையடக்க விறகடுப்பு எது?

தூக்கிக்கொண்டு போகக்கூடிய விறகடுப்பு ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை இரண்டு எண்கள். அடுப்பு எத்தனை கிராம், ஒரு லீற்றர் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் கொதிக்கும். இரண்டுமே பைக்கற்றில் அடைத்த உலர் உணவுக்குள் வெந்நீரை ஊற்றிக் கலக்கிச் சாப்பிடுகிற ஆட்களுக்கான கணக்கு. நாங்கள் வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கமோ வவுனிக்குளத்துப் பக்கமோ போய் ஓர் இரவு தங்கினால் சமைப்பது சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறும் குளத்து மீன் குழம்பும். அந்த அரிசி வேக அரை மணித்தியாலமாவது வேண்டும். குழம்புக்கு இன்னொரு இருபது நிமிடம். நடுவில் யாராவது தேத்தண்ணி கேட்பார்கள்.

ஆகவே எங்கள் கேள்விகள் வேறு. மூன்று லீற்றர்ப் பானையை ஆடாமல் தாங்குமா? ஒரு மணித்தியாலம் தொடர்ந்து எரியுமா? பானையை இறக்காமல் விறகு தள்ள முடியுமா? இப்படிக் கேட்கத் தொடங்கினால் வெளிநாட்டு ஒப்பீடுகளில் முதலிடம் பிடிக்கிற அடுப்புகள் சில கீழே இறங்கிவிடும். கூடவே, நெருப்பு மூட்டுகிற நிலமும் எங்களுக்கு ஒரு கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

காஸ் ஏன் இல்லை என்று கேட்கலாம். மலையேறுகிறவர்கள் பாவிக்கும் திருகுவாய்ச் சின்னச் சிலிண்டரைக் கிளிநொச்சிக் கடைகளில் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. விமானத்தில் கொண்டுவரவும் விடமாட்டார்கள். வீட்டுச் சிலிண்டரில் ஆகச் சிறியதில் காஸ் மட்டும் இரண்டு கிலோ அளவு, அதற்கு மேல் இரும்பின் பாரம். 2022இல் நாடு முழுக்கக் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வேலியோரம் விறகு அடுக்கி வைத்திருந்த வன்னி வீடுகளில் அடுப்பு வழக்கம்போல எரிந்தது. அதற்கு முந்திய போர்க்காலப் பொருளாதாரத் தடையைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்த கதையெல்லாம் வரும். விறகுதான் இங்கே நம்பகமான எரிபொருள்.

ஆனால் எல்லா விறகும் சின்ன அடுப்புக்கு ஆகாது. பாலையும் வீரையும் எரிந்தால் நின்று எரியும், தணலும் அருமை. ஆனால் கோடரி இல்லாமல் அவற்றைச் சின்ன அடுப்புக்குள் நுழைக்க வழியில்லை. கையடக்க அடுப்பு சுள்ளியில்தான் உயிர்வாழும்: சுண்டுவிரல் பருமன் முதல் பெருவிரல் பருமன் வரை, கையால் ஒடித்தால் சடக்கென்று முறிகிற காய்ந்த குச்சி. வளைந்தால் ஈரம், போட்டால் புகை. பற்றவைக்கத் தென்னம் பன்னாடையைப் போல ஒன்று கிடையாது. ஒரு பிடி பன்னாடையைக் கசக்கி அடியில் வைத்தால் ஒரு நெருப்புக்குச்சி போதும். சிரட்டையை உடைத்துத் துண்டு துண்டாகப் போட்டால் நல்ல சூடு, ஆனால் பானையின் அடி கறுத்துப் போகும். பனங்கூடல் உள்ள இடமென்றால் காய்ந்த ஊமலும் எரிக்கலாம்.

இரண்டு மரங்களை மட்டும் தொடவே கூடாது. ஒன்று அலரி. கோயில் வளவுகளில் வெட்டிப் போட்ட கொப்புகள் காய்ந்து கிடக்கும், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். மரம் முழுக்க நஞ்சு. மற்றது தில்லை. நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற களப்போரங்களில் கண்டல் மரங்களோடு நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, புகையும் கண்ணை எரிக்கும்.

சரி, அடுப்புகளுக்கு வருவோம். காசு செலவில்லாதது மூன்று கல். கல் கிடைக்கிற இடத்தில், காற்றில்லாத நாளில், பெரிய பானைக்கு இதை வெல்ல எதுவும் இல்லை. கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் இருந்து புறப்பட்டு வன்னியையும் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கடந்து, உகந்தையில் இருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் போவது தெரிந்ததே. அவர்கள் அடுப்பு சுமப்பதில்லை. அரிசியும் பானையும்தான் சுமை. ஆனால் முல்லைத்தீவுக் கரையோரம் முழுக்க மணல். மூன்று கல் தேடப் போனால் பொழுது சாய்ந்துவிடும். மணலில் நட்ட கல் சோறு கொதிக்கும்போது சரியும். வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கிற சோளகக் காற்றில் திறந்த நெருப்பின் பாதிச் சூடு பக்கத்தால் போய்விடும், பொறியோ காய்ந்த புல்லில் விழும்.

நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இது போர் நடந்த மண். கண்ணிவெடி அகற்றும் வேலை பெருமளவு நடந்திருந்தாலும் இன்னும் முழுதாக முடியவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற வெடிக்காத குண்டுக்கு மேலே ஒரு மணித்தியாலம் நெருப்பு எரிந்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குப்பை எரிக்கப் போய்க் காயப்பட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. அதனால் என் கணக்கில் நெருப்பை நிலத்தில் இருந்து தூக்கி வைக்கிற அடுப்புக்குத் தனி மதிப்பெண். அடித்தட்டும் காலும் உள்ள அடுப்பை இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் மண் பெரிதாகச் சூடாகாது. அதற்காக அடுப்பு இருக்கிறது என்று கண்ட இடத்தில் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. உழுத வயல், ஆள் நடமாட்டமுள்ள குளக்கட்டு, குடியிருக்கிற வளவு, கோயில் வீதி, இவ்வளவுதான். மண்டையோட்டுப் பலகை இருந்தால் திரும்பி நடக்க வேண்டும். பானைக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று பற்றைக்குள் கிடக்கிற துருப்பிடித்த இரும்பை எடுக்கவே வேண்டாம், அது எதுவாக இருந்தாலும்.

அதோடு, ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டுவதும் விறகெடுப்பதும் குற்றம். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அங்கே எந்த அடுப்பு நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கல்லுக்கு அடுத்தது தகர டின். பால்மா டின் ஒன்றின் அடிப்பக்கம் சுற்றிவர ஆணியால் துளை போட்டு, பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டி, மேல் விளிம்புக்குக் கீழே இரண்டு கம்பியைக் குறுக்கே செருகினால் ஓர் ஆளுக்கான தேத்தண்ணி அடுப்பு தயார். வெட்டின விளிம்பை உள்ளே மடிக்காவிட்டால் கையைக் கிழிக்கும். சில தடவை எரித்தவுடன் தகரம் மெலிந்து ஓட்டை விழும், இன்னொரு டின் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடுப்பு எப்படிக் காற்றிழுக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் பழைய நாகத்தகர வாளியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நாகப் பூச்சு, அதாவது துத்தநாகம், சூடேறினால் வருகிற புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும். பெயின்ற் டின்னும் வேண்டாம்.

இனிக் காசு கொடுத்து வாங்குகிற வகைகள். பெரும் போட்டி மடக்கும் பெட்டி அடுப்புக்கும் இரட்டைச் சுவர் அடுப்புக்கும் இடையில்தான்.

இரட்டைச் சுவர் அடுப்பு உருளை வடிவம். சோலோ ஸ்டவ் லைட் என்பது இதில் பெயர் பெற்றது. எடை 255 கிராம் அளவு, குறுக்களவு 11 சென்றிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்த் துளைகளால் நுழைகிற காற்றில் ஒரு பங்கு நேரே விறகுக்குப் போகும். மற்றப் பங்கு இரண்டு சுவர்களுக்கும் இடையே சூடேறிக்கொண்டு மேலே போய், வாய்க்குக் கீழே உள்ள சிறு துளைகளால் உள்ளே பாயும். விறகில் இருந்து எழும் புகை அந்தச் சூடான காற்றோடு சேர்ந்து அங்கேயே எரிந்துபோகும். இருட்டில் பார்த்தால் ஒவ்வொரு துளையில் இருந்தும் ஒரு சின்னச் சுவாலை நடுவை நோக்கி நீண்டு நிற்கிறது தெரியும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் புகை மிகக் குறைவு, மிஞ்சுவதும் ஒரு பிடி மாச் சாம்பல். மேலே இருந்து பற்றவைத்துக் கீழ்நோக்கி எரிய விடுகிற அடுப்பு முறையை 1980களில் அமெரிக்காவின் தோமஸ் ரீடும் நோர்வேக்காரரான போல் வென்டெல்போவும் தனித்தனியாக உருவாக்கினார்கள். இந்தச் சின்ன உருளைகளும் அந்த வழியில் வந்தவைதான்.

அழகான அடுப்பு. ஒரு கேத்தல் தண்ணீருக்கு, ஓர் ஆளின் நூடில்ஸுக்கு இதைக் குறைசொல்ல முடியாது. கரைச்சல் சோற்றில் தொடங்கும். அறை சின்னது, பெருவிரல் நீளத்துக்கு ஒடித்த குச்சிகளால் நிரப்பினாலும் சில நிமிடங்களில் தணலாகிவிடும். மேல் துளைகளை மூடும்படி விறகைத் திணித்தால் புகை ஊரைக் கூட்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் ஊட்ட வேண்டும். அதையும் பானைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள ஒரு சின்ன வாசலால்தான் போட முடியும். கனடாவில் இருந்து வந்த மச்சான் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துக் காட்டினபோது சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, உதுக்குச் சுள்ளி தீத்திக்கொண்டே இருந்தா ஆர் அப்பன் கறிக்கு வெங்காயம் உரிக்கிறது?" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. இதே கம்பனியின் பெரிய அளவான காம்ப்பயர் நாலு பேருக்குச் சமைக்கும், ஆனால் எடை ஒரு கிலோ. விலையும் அதற்கேற்றபடி.

மாரியில் இந்த அடுப்பு இன்னும் சிணுங்கும். புகையை எரிக்கிற அந்த வித்தை காய்ந்த விறகோடுதான் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுள்ளியைப் போட்டால் இது வெறும் புகைக்குழாய்.

மடக்கும் பெட்டி அடுப்பில் இப்படியான நுட்பம் ஒன்றும் இல்லை. நாலு தகடு, ஓர் அடித்தட்டு. பிரித்தால் ஒரு கொப்பி அளவு தட்டையாகிப் பையின் பக்கத்தில் நுழைந்துவிடும். எம்பர்லிற், பயர்பொக்ஸ், புஷ்பொக்ஸ் என்று பெயர் உள்ளவையும் இருக்கின்றன, பெயரில்லாத சீனத் தயாரிப்புகளும் இருக்கின்றன. எவர்சில்வரில் செய்த எம்பர்லிற் 320 கிராம் வரும், டைட்டேனியத்தில் செய்தது ஏறக்குறைய அதில் பாதி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கத்தில் வாசல் உண்டு. அந்த வாசல்தான் எங்களுக்கு வேண்டியது. முழங்கை நீளக் குச்சிகள் நாலைந்தை உள்ளே செருகிவிட்டு, நுனி எரிய எரியத் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். ஒடித்து ஒடித்து ஊட்டுகிற வேலை இல்லை. குழம்பு கொதித்ததும் இரண்டு குச்சியை வெளியே இழுத்தால் நெருப்பு தணியும். வீட்டு அடுப்பில் அம்மா செய்வது எதுவோ அதேதான், பழக வேண்டியது ஒன்றுமில்லை.

இதன் குறைகளும் தெரிந்தவைதான். இரட்டைச் சுவர் அடுப்பை விடப் புகை கூட, பானையும் கூடக் கறுக்கும். சமைக்க முன் பானையின் வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டால் கரி அந்தப் பூச்சோடு கழன்று வந்துவிடும். தகடுகள் பூட்டுகிற இடத்தில் சூட்டால் வளைவு வரலாம். மலிவான மெல்லிய தகடு என்றால் கட்டாயம் வரும், பிறகு மடிக்க மறுக்கும். மிகச் சிறிய அளவுகளில் மூன்று லீற்றர்ப் பானையை வைத்தால் தலைப்பாரத்தில் சாயும். வார்கோ நிறுவனத்தின் அறுகோண டைட்டேனியம் அடுப்பு 120 கிராமுக்கும் குறைவு, தனி ஆள் நடைக்கு அருமை. ஆனால் சோற்றுப் பானைக்கு அது கால் அல்ல.

டைட்டேனியமா எவர்சில்வரா என்ற கேள்வியில் நான் எவர்சில்வர் பக்கம். மிச்சமாவது 150 கிராம் அளவு. அரிசி, தேங்காய், கருவாடு, தண்ணீர்ப் போத்தல் என்று தூக்குகிற எங்கள் பையில் அந்த 150 கிராம் ஒரு பொருட்டா? தேங்காய் ஒன்றே அதைவிடப் பல மடங்கு. சாதாரண இரும்புத் தகட்டில் செய்தது மலிவுதான், ஆனால் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்து உப்புக் காற்றில் விரைவில் துரு ஏறிவிடும்.

விசிறி வைத்த அடுப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள், ஏனென்றால் அது போனுக்குச் சார்ஜ் ஏற்றும். பயோலைட் காம்ப்ஸ்டவ் விறகின் சூட்டில் இருந்து மின்சாரம் எடுத்து உள்ளே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது, மிச்சம் போனுக்கு. இரண்டாம் தலைமுறை அடுப்பு தருவது 3 வாற்று. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விசிறி ஊதுவதால் நெருப்பு கொல்லன் உலையைப் போலச் சீறும், தண்ணீர் கொதிப்பது உண்மையாகவே வேகம். ஆனால் அதே வேகத்தில் விறகையும் தின்னும், இதுவும் மேலால் ஊட்டுகிற வகை. பற்றறியும் வயரும் உள்ள சாமான் மழையில் நனைந்தாலோ கீழே விழுந்தாலோ திருத்த இங்கே ஆள் இல்லை. இந்தக் காசில் ஒரு நல்ல பவர் பேங்கும் ஒரு பெட்டி அடுப்பும் வாங்கி, மிச்சத்துக்கு மீனும் வாங்கலாம்.

புகைக்கூண்டுக் கேத்தலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் இருந்து வருகிற கெலி கெற்றில் இதில் முன்னோடி. நடுவில் புகைபோகும் குழாய், அதைச் சுற்றிய சுவருக்குள் தண்ணீர், கீழே நெருப்புத் தட்டு. சோளகம் எவ்வளவு அடித்தாலும் இதற்குக் கவலை இல்லை, காற்று இன்னும் நல்லாக இழுக்கும். பெரியது 1.6 லீற்றர். இரவிரவாகக் குளக்கட்டில் தூண்டில் போட்டுக்கொண்டு தேத்தண்ணியிலேயே வாழ்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம். வாயை மூடியால் அடைத்தபடி நெருப்பு மூட்டக் கூடாது. ஆவி போக வழியில்லாமல் வெடிக்கும்.

வாகனத்தில் போகிறவர்களுக்கு என் பதில் வேறு: ரொக்கெற் அடுப்பு. லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980களின் தொடக்கத்தில் வகுத்த வடிவம். ஆங்கில 'எல்' எழுத்துப் போல வளைந்த குழாய், கிடைப் பக்கத்தால் விறகு, நிமிர்ந்த பக்கத்தால் சுவாலை. கொஞ்ச விறகில் பெரிய பானை கொதிக்கும். இதை வெளியில் இருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ள எந்த வெல்டிங் கடையிலும் 4 அங்குலச் சதுரப் பெட்டி இரும்பில் ஒட்டித் தருவார்கள். கிடைப் பக்கத்துக்கு நடுவில் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். மேலே விறகு, கீழே காற்று. அந்தத் தட்டு இல்லாமல் ஒட்டிக் கொடுத்துவிட்டுக் "காற்று தன்ர பாட்டில போகும்" என்பார்கள், போகாது. 3 மில்லிமீற்றர்த் தடிப்பில் மொத்தம் 60 சென்றிமீற்றர் குழாய் போனால் எடை ஐந்தரைக் கிலோ அளவு வரும். முதுகில் ஏற்ற முடியாது. லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில், வானில், மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய்க் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களின் மூட்டையில் இதற்கு இடமுண்டு. மண்ணில் செய்த 'அனகி' அடுப்பு 1980களில் இருந்து நாடு முழுக்கப் பரவின நல்ல வடிவம், இரண்டு பானை ஒரே நேரத்தில் வைக்கலாம். ஆனால் அது வீட்டுக் குசினிக்கானது. கிரவல் ரோட்டில் குலுங்கினால் வெடித்துவிடும்.

ஆக, நடந்து போகிற இரண்டு மூன்று பேருக்கு நான் சொல்வது எவர்சில்வர்ப் பெட்டி அடுப்பு. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அதுதான், கொஞ்சம் பெரிய அளவில். தனியே நடக்கிறவர், சோறு கட்டிக்கொண்டு போய் வழியில் தேத்தண்ணி மட்டும் போடுகிறவர் என்றால் இரட்டைச் சுவர் அடுப்பை ஆசைக்கு வாங்கலாம். எதை வாங்கினாலும் கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது, அணைத்துவிட்டோம் என்று நினைத்துத் தணலோடு உள்ளே எடுத்துப் போகவும் கூடாது. தணலில் இருந்து வருகிற நச்சு வாயுவுக்கு மணமில்லை. சாம்பலைக் கொட்ட முன் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆடி, ஆவணி வறட்சியில் காய்ந்த புல் பற்ற ஒரு பொறி போதும்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்பதாக இருந்தால் "ஒரு காம்பிங் அடுப்பு கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கடையில் ஆக மினுங்குகிறதைத்தான் வாங்கி வருவார்கள். பக்க வாசல் வேண்டும், கழற்றக்கூடிய அடித்தட்டு வேண்டும், மேல்வாய் ஒரு சாண் அகலத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், தகடு எவர்சில்வர். இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள். வந்ததும் முற்றத்தில் வைத்து மூன்று லீற்றர்ப் பானையில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றி, பக்கத்தால் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். சாய்ந்தால், மேலே குறுக்கே வைக்க இரண்டு தடித்த கம்பியை வெல்டிங் கடையில் வெட்டுவித்துக்கொண்ட பிறகு பயணத்துக்குக் கட்டுங்கள்.